பாத்ரூமை இடிச்சுக் கட்ட எத்தனை நாள் ஆகும்? 'பத்தே நாள்' கணக்கும் உண்மைக் கணக்கும்!

"பத்தே நாள் சார். பதினோராவது நாள் புது பாத்ரூம்ல குளிச்சுட்டு ஆபீஸ் போகலாம்!"

பழைய பாத்ரூமைப் புதுசாக்க நினைத்து யாரைக் கூப்பிட்டு விசாரித்தாலும், முதலில் காதில் விழுவது இந்த டயலாக்தான். இன்ஸ்டாவைத் திறந்தால் இன்னும் மோசம். கறை பிடித்த டைல்ஸ், ஒரு கைதட்டல், அடுத்த நொடியே பளபளக்கும் ஷவர். முப்பது விநாடி ரீல்ஸில் பழகிய கண்ணுக்கு, பத்து நாள் என்பதே ரொம்ப அதிகமாகத் தெரியும்.

உண்மைக் கணக்கு வேற. 8 அடிக்கு 5 அடி இருக்கும் சாதாரண அபார்ட்மென்ட் பாத்ரூம் ஒன்றை முழுசாக இடித்து, பைப் மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, டைல்ஸ் ஒட்டி முடிக்க, எல்லாப் பொருளும் கையில் இருந்தாலே மூன்றரை முதல் நான்கு வாரம் ஆகும். கடை ஏறி இறங்கிப் பொருள் வாங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றரை மாதம்கூட ஓடிவிடும்.

இந்த நான்கு வாரமும் ஆள்கள் வேலை பார்த்துக்கொண்டே இருக்க மாட்டார்கள். கிட்டத்தட்ட பாதி நாள்கள் பாத்ரூம் பூட்டியே கிடக்கும். அந்த நாள்களில் ரெண்டு வகை உண்டு. ஒன்று, சிமென்ட்டும் வாட்டர்ப்ரூஃபிங் கோட்டிங்கும் செட் ஆகும் நாள். இன்னொன்று, ஆள் வராமலோ பொருள் வராமலோ சும்மா கிடக்கும் நாள். முதல் வகையில் கை வைக்கவே கூடாது. ரெண்டாவதைத்தான் குறைக்க வேண்டும். பல வீடுகளில் நடப்பது இதற்குத் தலைகீழ். ஆள் வராத ஒரு வாரத்தைப் பொறுத்துக்கொள்வோம். கடைசியில் "சீக்கிரம் முடிங்க" என்று நெருக்கும்போது, செட் ஆக வேண்டிய நாள்களில்தான் வெட்டு விழும்.

ஏன் இப்போ வீட்டுக்கு வீடு இந்த வேலை?

1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் நம்ம ஊர்களில் கட்டிய அபார்ட்மென்ட்களுக்கு இப்போது 20, 30 வயது. அதில் பல வீடுகளில் சுவருக்குள் ஓடுவது ஜி.ஐ. பைப். உள்ளே துருப்பிடித்துக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். அந்த வீட்டை வாங்கிய அப்பா, அம்மாவுக்கும் இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். முட்டி வலியோடு இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுவது தினசரிப் போராட்டம். ஆக, இது அழகுக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை. பல வீடுகளில் தள்ளிப்போட முடியாத வேலை. அதற்குப் பணம் கட்டுவதும் ஆள் தேடுவதும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

'சிமென்ட் ஜி.எஸ்.டி குறைஞ்சிருச்சு, இப்பவே ஆரம்பிச்சிடலாம்' என்று சிலர் சொல்வார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான வரி 28 சதவிகிதத்தில் இருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது உண்மைதான். ஆனால், கணக்கைப் போட்டுப் பாருங்கள். 400 ரூபாய்க்கு விற்ற மூட்டையில் வரிக் குறைப்பு முழுசாக நம்மிடம் வந்தால் மிச்சம் 31 ரூபாய். ஒரு பாத்ரூமுக்கு 20 மூட்டை ஆனாலும் 625 ரூபாய்தான். ஒரு கொத்தனாரின் ஒருநாள் கூலிக்கே அது பத்தாது. இந்த வேலையில் பணம் கரைவது வீணாகும் நாள்களிலும், திரும்பச் செய்யும் வேலையிலும்தான்.

நாள் வாரியா பார்த்துடலாம்!

முதல் 3 நாள்: இடிப்பு. பழைய டைல்ஸ், க்ளோசெட், பைப் எல்லாம் வெளியே வரும். கொத்தனார்கள் 'ராபிஸ்' என்று சொல்லும் கட்டடக் குப்பை மூட்டை மூட்டையாகச் சேரும். லிஃப்ட்டில் ஏற்ற அசோசியேஷன் விடவில்லை என்றால், மாடிப்படியில் தூக்கி இறக்கவே ஒருநாள் போய்விடும். சென்னையில் இதைத் தெருமுனையில் கொட்டிவிட்டுப் போக முடியாது. மாநகராட்சியின் 1913 எண்ணில் கூப்பிட்டு எங்கே, எப்படிக் கொடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டடக் கழிவை மறுசுழற்சி செய்யும் ஆலைகள் இருக்கின்றன.

4 முதல் 7-ம் நாள் வரை: பைப்பும் ஒயரும். சுவரை வெட்டி சி.பி.வி.சி பைப் பதிப்பார்கள். கீசர், எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒயர் இழுப்பார்கள். பைப்பைப் பதித்ததும் மூடிவிடக் கூடாது. பம்ப் வைத்து பிரஷர் கொடுத்து, எந்த ஜாயின்ட்டிலாவது கசிகிறதா என்று பார்த்த பிறகே பூச வேண்டும். கீசருக்குத் தனி லைன், அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி பாதுகாப்பு இருக்கிறதா என்பதையும் இப்போதே கேளுங்கள். சுவர் மூடிய பிறகு கேட்டால் திரும்ப உடைக்க வேண்டிவரும்.

8 முதல் 16-ம் நாள் வரை: பூச்சு, வாட்டர்ப்ரூஃபிங், தண்ணீர் டெஸ்ட். நான்கு வாரத்தில் பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பது இந்தக் கட்டம்தான். மொத்த வேலையின் ஆயுளும் இங்கேதான் முடிவாகிறது. இதைத் தனியாகப் பேசுவோம்.

17 முதல் 22-ம் நாள் வரை: டைல்ஸ். சுவர், பிறகு தரை. தண்ணீர் தேங்காமல் ட்ராப் பக்கம் ஓட, தரைக்குச் சரியான வாட்டம் வேண்டும். ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, மூலையில் தேங்கினால் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒட்டிய டைல்ஸ் குறைந்தது 24 மணி நேரம் அசையாமல் இருந்த பிறகே இடுக்குகளில் க்ரௌட் போட வேண்டும்.

23 முதல் 27-ம் நாள் வரை: க்ளோசெட், வாஷ்பேசின், குழாய், ஷவர், கதவு, பெயின்ட், சுத்தம். ஓரங்களில் சிலிக்கான் அடித்த பிறகு ஒருநாள் தண்ணீர் படாமல் விட வேண்டும். ஆக, 28-வது நாள் குளியல்!

கை வைக்கக் கூடாத நாள்கள்

'சிமென்ட் காஞ்சிருச்சு, மேல வேலையை ஆரம்பிக்கலாம்' என்று சைட்டில் அடிக்கடி கேட்கலாம். சிமென்ட் காய்ந்து இறுகும் பொருள் இல்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. அதனால்தான் பூசிய பிறகு தண்ணீர் விட்டு ஈரமாகவே வைத்திருக்கச் சொல்கிறார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை, சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாளும், சாம்பல் போன்றவை கலந்த சிமென்ட் என்றால் 10 நாளும் க்யூரிங் கேட்கிறது. கடையில் நாம் வாங்கும் பி.பி.சி மூட்டை இந்த ரெண்டாவது வகை. பாத்ரூம் பூச்சு மெல்லியது. அதற்கு ஒரு வாரமாவது தண்ணீர் விட்டால் நல்லது. அந்த நேரத்தைக் கொடுக்காத பூச்சு, மேலே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே பலம் இருக்காது.

அதற்கு மேல் வாட்டர்ப்ரூஃபிங் கோட்டிங். பெரும்பாலும் ரெண்டு கோட். முதல் கோட் ஒரு திசையில், ரெண்டாவது அதற்குக் குறுக்காக. நடுவில் எவ்வளவு இடைவெளி, முடித்து எத்தனை நாள் கழித்துத் தண்ணீர் படலாம் என்பது டப்பாவிலேயே அச்சடித்திருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் தேவையில்லை தம்பி" என்று யாராவது சொன்னால் போட்டோவைக் காட்டுங்கள்.

கடைசியாகத் தண்ணீர் டெஸ்ட். ட்ராப்பை அடைத்துவிட்டு, தரையில் ரெண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 24 மணி நேரமாவது விட வேண்டும். 48 மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. தண்ணீர் கோட்டுக்குக் கீழே கணிசமாக இறங்கியிருக்கிறதா, கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

இந்தக் கட்டத்தில் நாலு நாளை மிச்சம் பிடித்தால் என்ன ஆகும்? முதல் மாதம் ஒன்றும் ஆகாது. சில மாதங்கள் கழித்துக் கீழ்வீட்டு சீலிங்கில் பெயின்ட் உப்பும். பிறகு மஞ்சள் வட்டம். பிறகு அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் ஃபிளாட் நம்பர். சரிசெய்ய, ஒட்டிய புது டைல்ஸை உடைத்துத்தான் ஆக வேண்டும். நாலு நாள் அவசரம், இன்னொரு முழு மாதத்தையும் இன்னொரு முழுச் செலவையும் இழுத்துவரும்.

குறைக்க வேண்டிய நாள்கள்

இனி ரெண்டாவது வகை. இங்கே நீங்கள் கறாராக இருக்கலாம்.

முதல் காரணம், ஒரே கான்ட்ராக்டர் ஒரே நேரத்தில் நாலைந்து சைட் ஓட்டுவது. இடிப்பு முடிந்த கையோடு வேற சைட்டுக்குப் போய்விடுவார். இடித்துப்போட்ட பாத்ரூமோடு நீங்கள் வேற ஆளிடம் போக முடியாது என்பது அவருக்குத் தெரியும். இதற்கு மருந்து, பணத்தை நாளோடு முடிச்சுப் போடாமல் வேலையோடு முடிச்சுப் போடுவது. அட்வான்ஸைச் சின்னதாக வையுங்கள். பைப் பிரஷர் டெஸ்ட் முடிந்ததும் ஒரு தவணை, தண்ணீர் டெஸ்ட் பாஸானதும் ஒரு தவணை, டைல்ஸ் முடிந்ததும் ஒரு தவணை. கடைசி 10 சதவிகிதத்தை, ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்த பிறகு கொடுங்கள். இதை வாய்ப்பேச்சோடு விடாமல் வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் 'ஓகே' சொன்ன பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ரெண்டாவது, பொருள். இந்தியாவின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில்தான் நடக்கிறது. நீங்கள் ஆசைப்பட்ட டிசைன் கடையில் ஸ்டாக் இல்லை என்றால், லாரி அங்கிருந்து கிளம்பி வரும் வரை காத்திருப்புதான். நடுவில் நாலு டைல்ஸ் பத்தாமல் திரும்ப வாங்கப் போனால், அதே டிசைன் வேற ஷேடில் கிடைக்கும். அதனால் 10 சதவிகிதம் கூடுதலாக ஒரே தடவையில் வாங்குங்கள். பெட்டி மேல் இருக்கும் பேட்ச், ஷேடு எண்கள் எல்லாவற்றிலும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

குழாய்தானே, கடைசியில் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். சுவருக்குள் போகும் டைவர்ட்டர் முதல் வாரமே வேண்டும். க்ளோசெட்டின் கழிவு வாய் தரையில் இறங்குகிறதா, சுவருக்குள் போகிறதா, சுவரில் இருந்து எத்தனை அங்குலம் என்பது தெரியாமல் பிளம்பர் பைப் பதிக்க முடியாது. ஆகவே, எல்லாப் பொருளும் வீட்டுக்கு வரும் வரை முதல் சுத்தியல் அடி விழக் கூடாது. ஒரு மாதச் சிக்கலில் பாதியை இந்த ஒரு விதியே தீர்த்துவிடும்.

மூன்றாவது, காலண்டர். டைல்ஸ் வேலையில் வட மாநிலத் தொழிலாளர்கள் நிறைய பேர். தீபாவளி, சத் பூஜை, ஹோலிக்கு ஊருக்குப் போவார்கள். பல மாதம் கழித்து வீட்டு முகத்தைப் பார்க்கப் போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம்தான் தேதி பார்த்துத் தொடங்க வேண்டும். நம்ம ஊர் ஆள்களுக்குப் பொங்கல். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் கிரகப்பிரவேசத்துக்குத் தேதி குறித்த புது வீடுகள் பக்கம்தான் ஆள்கள் ஓடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கோட்டிங் செட் ஆக இன்னும் நேரம் எடுக்கும். அசோசியேஷனில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் தடை இருந்தால், அந்த நாலு நாளையும் கணக்கில் சேருங்கள்.

வீட்டில் ஒரே பாத்ரூம்தானா?

இந்தக் கேள்வியை எந்த ரீல்ஸும் கேட்பதில்லை. இடித்த நாளில் இருந்து க்ளோசெட் பொருத்தும் நாள் வரை, சுமார் 23 நாள் அந்த வீட்டில் டாய்லெட் கிடையாது. பேச்சுலர் பையன் ஜிம்மிலும் ஆபீஸிலும் சமாளிப்பான். ராத்திரி ரெண்டு தடவை எழும் பாட்டி என்ன செய்வார்? பீரியட்ஸ் நாளில் தங்கச்சி என்ன செய்வாள்? பக்கத்து வீட்டில் ரெண்டு நாள் கேட்கலாம், மூன்று வாரம் கேட்க முடியாது. இதனாலேயே "எப்படியாவது பத்து நாள்ல முடிங்க" என்று வீட்டில் இருந்தே அழுத்தம் கிளம்பும். அந்த அழுத்தம் நேராகப் போய் விழுவது தண்ணீர் டெஸ்ட் மேல்.

அதனால், பட்ஜெட் போடும்போதே மூன்று வாரத்துக்கான மாற்று ஏற்பாட்டையும் ஒரு செலவாக எழுதுங்கள். பெரியவர்களை அக்கா வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ அனுப்புவதா, அதே அபார்ட்மென்ட்டில் காலி ஃபிளாட்டை ஒரு மாதம் வாடகைக்குக் கேட்பதா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ரெண்டு பாத்ரூம் இருக்கும் வீடு என்றால், ஒன்று முழுசாக முடிந்த பிறகே அடுத்ததில் கை வையுங்கள். ரெண்டையும் சேர்த்து இடித்தால் கூலி கொஞ்சம் மிச்சம் ஆகலாம். ஆனால், வீட்டில் இருக்க முடியாது.

இப்போது யாராவது "பத்தே நாள்" என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். "சரிண்ணே, அதுல க்யூரிங்குக்கு எத்தனை நாள், தண்ணி டெஸ்ட்டுக்கு எத்தனை நாள்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள். அவர் நாலு வாரம் கேட்டாலும் பரவாயில்லை.