நம் ஊர் வசந்தத்துக்குத் தேதி குறிப்போம்

மார்ச் மாதக் கடைசியில் திறன்பேசியைத் திறந்தால் இளஞ்சிவப்பு நிறம்தான் கொட்டும். விரைவுச்சாலை ஓரம், வீவக புளோக்குகளுக்கு நடுவே, பள்ளி வேலிக்கு வெளியே என எங்கு பார்த்தாலும் மரம் நிறையப் பூ. படத்தின் கீழே பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "சிங்கப்பூரின் சகுரா".

அழகான பெயர்தான். ஜப்பானுக்குப் போக முடியாதவர்களுக்கு அது ஒரு சின்ன ஆறுதலும்கூட. ஆனால், அறிவியல் ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அந்தப் பெயரில் ஒரு குறை தெரிகிறது. உண்மையான வசந்தம் வேறு எங்கோ இருக்கிறது, இங்கே இருப்பது அதன் நகல் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. வகுப்பில் பருவங்களைப் பற்றிக் கேட்டால் மாணவர்கள் சொல்வதும் அதுதான்: "நம்ம ஊர்ல வெயில், மழை ரெண்டுதான் டீச்சர்."

என் கருத்து வேறு. நம் ஊருக்கும் பருவங்கள் உண்டு. அவற்றைப் பார்க்கிறோம், ரசிக்கிறோம், படம் பிடிக்கிறோம். தேதி போட்டு எழுதி வைப்பதுதான் இல்லை. அந்த வேலையைத் தொடங்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை என்று நினைக்கிறேன்.

குளிர் கேட்கும் மரம், வறட்சி கேட்கும் மரம்

முதலில் அந்த இளஞ்சிவப்பு மரத்தை அறிமுகம் செய்துகொள்வோம். அது டிரம்பெட் மரம். அறிவியல் பெயர் தபெபுயா ரோசியா. பூ ஊதுகுழல் வடிவில் இருப்பதால் அந்தப் பெயர். மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும் அதன் தாயகம். சகுரா ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நெருங்கிய உறவு இல்லை.

நிறம் ஒத்துப்போனாலும் பூக்கும் காரணம் ஒத்துப்போவதில்லை. சகுராவின் மொட்டுகள் கோடையிலேயே உருவாகி, பிறகு உறக்கத்தில் ஆழ்ந்துவிடும். அந்த உறக்கம் கலைவதற்குப் பல வாரக் குளிர் தேவை. போதிய குளிர் கிடைத்த பிறகு, வெப்பம் ஏற ஏற மொட்டுகள் விரியும். நம் ஊர்த் திறந்தவெளியில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? கரையோரப் பூந்தோட்டங்களின் சகுரா கண்காட்சி குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கூடத்துக்குள் நடப்பது இதனால்தான்.

டிரம்பெட் மரம் கேட்பது வறட்சி. சில வாரங்கள் மழை இல்லாமல் வெயில் காய்ந்தால் அது இலைகளைப் பெருமளவு உதிர்த்துவிடும். அதன் பின் நல்ல மழை பெய்ததும், பல மரங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பூத்துக் குலுங்கும். சிங்கப்பூரில் இது பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், மறுபடியும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலும் நடக்கிறது.

ஏன் மார்ச்? நம் வானிலையைப் பாருங்கள். வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பர், ஜனவரி மாதங்களில் அடைமழை தருகிறது. பிப்ரவரியில் அதே காற்று வறண்டுபோகிறது. மார்ச் மாதக் கடைசியில் பருவக்காற்று ஓய்ந்து, பிற்பகல் இடிமழை தொடங்குகிறது. வறட்சி, பிறகு மழை. மரம் எதிர்பார்த்த வரிசை இதுவே.

தோக்கியோவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய 5 மணி நேர வேறுபாடு உண்டு. சிங்கப்பூரில் அது 10 நிமிடம்கூட இல்லை. மாதச் சராசரி வெப்பநிலையும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸுக்குள்தான் மாறுகிறது. பகல் நீளத்தையும் குளிரையும் நம்பி இங்கே மரங்கள் நாள் பார்ப்பது எளிதல்ல. நம் ஊர் மரங்களுக்குக் கடிகாரமாக இருப்பது பெரும்பாலும் மழை.

ஒன்பது நாள் கணக்கு

அந்தக் கடிகாரம் எவ்வளவு துல்லியமானது என்பதற்குப் புறா ஆர்க்கிட்டைவிட நல்ல சாட்சி இல்லை. சாலையோரத்தில் குடைபோல விரிந்து நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளை அண்ணாந்து பாருங்கள். அவற்றின் மேல் ஒட்டி வளரும் செடிகளில் இதுவும் ஒன்று. யாரும் தொட்டியில் வைத்து வளர்ப்பதில்லை. தானாக முளைத்து, தானாக வாழ்கிறது.

இந்தச் செடியின் மொட்டுகள் ஓர் அளவு வளர்ந்ததும் நின்றுவிடும். வெப்பமான ஒரு பிற்பகலில் திடீரென்று கனமழை கொட்டி, வெப்பநிலை 5, 6 டிகிரி சட்டென்று இறங்கினால், நின்றுபோன வளர்ச்சி மீண்டும் தொடங்கும். சரியாக ஒன்பது நாள் கழித்து, அந்த வட்டாரத்தில் உள்ள செடிகள் எல்லாம் ஒரே காலையில் பூக்கும். வெள்ளைப் பூக்கள், பறக்கும் புறாவின் வடிவம், இனிய மணம். மறுநாள் போய்ப் பார்த்தால் வாடித் தொங்கிக்கொண்டிருக்கும்.

எதற்கு இந்தக் கூட்டு ஏற்பாடு? ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள். விதை உண்டாக வேண்டுமானால் பெரும்பாலும் இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் தேனீக்கு அன்றைக்கே வேறு செடிகளிலும் பூ கிடைக்க வேண்டும். ஒரு செடி மட்டும் தனியாகப் பூத்தால் அந்த உழைப்பு வீண். எல்லாச் செடிகளுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும் மணி ஒன்று வேண்டும். இடிமழை அந்த மணியை அடிக்கிறது.

இதில் மாணவர்களுக்கு ஓர் அருமையான வாய்ப்பு இருக்கிறது. திங்கட்கிழமை பிற்பகல் மழையில் உடம்பு சிலிர்த்ததா? நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் புதன்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது மேலே பாருங்கள். ஒரு கணிப்பைச் சொல்லி, அது பலித்ததா இல்லையா என்று சோதிப்பதுதான் அறிவியல். இந்தச் சோதனைக்கு ஆய்வுக்கூடமும் வேண்டாம், செலவும் இல்லை.

வீட்டைச் சுற்றி இன்னும் என்னென்ன

பூவோடு முடிந்துவிடவில்லை. அங்சானா மரத்தடியில் சில காலைகளில் மஞ்சள் கம்பளம் விரித்தாற்போல் இதழ்கள் கிடக்கும். அந்தப் பூக்களும் ஒரே நாள் விருந்தாளிகள். சங்கப் பாடல்களில் வரும் வேங்கை மரம் இதே பேரினத்தைச் சேர்ந்தது. தமிழ்ப் பாடத்தில் வேங்கைப் பூ வந்தால், அதன் உறவுக்காரர் உங்கள் புளோக்கின் வாகன நிறுத்துமிடத்திலேயே நிற்கக்கூடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைப் பக்கம் கெத்தாப்பாங் மரம் இருக்கும். தமிழில் நாட்டு வாதுமை. அதன் இலைகள் உதிர்வதற்கு முன் செக்கச் சிவந்துவிடும். இங்கே அது ஆண்டுக்குப் பெரும்பாலும் இருமுறை நடக்கும். ஒரே தெருவில் ஒரு மரத்துக்கு வசந்தம், அடுத்த மரத்துக்கு இலையுதிர்காலம்!

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் பசிபிக் பொன் உப்புக்கொத்திகள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் புறப்படத் தயாராகும். அதற்கு முன் அவற்றின் வயிற்றுப் பக்கம் கறுப்பாக மாறத் தொடங்கும். சைபீரியாவில் குஞ்சு பொரிப்பதற்கான உடை அது. வடக்கே அவை கொண்டாடப்போகும் வசந்தத்துக்கான அலங்காரம் இங்கேயே ஆரம்பமாகிறது.

வானத்திலும் ஓர் அறிகுறி உண்டு. மார்ச் 23ஆம் தேதி வாக்கில், பிற்பகல் 1.10 மணி அளவில், சிங்கப்பூரில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். செங்குத்தாக நிற்கும் விளக்குக் கம்பத்துக்கு அப்போது நிழலே இருக்காது. கோலாலம்பூரில் இருப்பவர்கள் சில நாள் கழித்து, மார்ச் 28ஆம் தேதி வாக்கில், 1.20 மணி அளவில் இதைப் பார்க்கலாம். சூரியனை நிமிர்ந்து பார்க்காதீர்கள். தரையைப் பார்த்தால் போதும்.

படம் வேறு, பதிவு வேறு

இவ்வளவையும் ரசிக்கிறோமே, அது போதாதா என்று கேட்கலாம். கியோத்தோவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அங்கே சகுரா முழுமையாகப் பூத்த நாள்கள் 812ஆம் ஆண்டிலிருந்து, இடையிடையே விடுபட்டாலும், பதிவாகியிருக்கின்றன. எழுதியவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். அரண்மனையைச் சேர்ந்தவர்களும் துறவிகளும் தங்கள் நாட்குறிப்பில், இன்று பூக்களின் கீழ் விருந்து என்று எழுதி வைத்தார்கள். அந்த வரிகளைக் கொண்டுதான் பழங்கால மார்ச் மாதங்கள் எவ்வளவு வெப்பமாக இருந்தன என்று இன்று கணக்கிடுகிறார்கள். 2021ல் மார்ச் 26ஆம் தேதியே மரங்கள் முழுமையாகப் பூத்தன. 1,200 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்தப் பதிவில் அதுவரை அதுதான் மிக முந்திய நாள் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. தேதி இல்லாதிருந்தால், இந்த ஆண்டு சீக்கிரம் பூத்துவிட்டதோ என்ற பேச்சோடு போயிருக்கும்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736ல் இதே வேலையைத் தொடங்கினார். முதல் பூ எப்போது, தவளை முதலில் கத்தியது எப்போது, எந்த மரம் என்று தளிர்த்தது என எழுதினார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தினர் 1958 வரை தொடர்ந்தார்கள்.

நமக்கும் முன்னோடி இல்லாமல் இல்லை. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின், அதாவது நம் பூமலையின், இயக்குநராக இருந்த ரிச்சர்ட் எரிக் ஹோல்ட்டம் இங்குள்ள மரங்கள் எப்போது இலை மாற்றுகின்றன, எப்போது பூக்கின்றன என்று கவனித்து 1931லும் 1940லும் கட்டுரைகள் வெளியிட்டார். சில மரங்கள் 12 மாதக் கணக்குக்குள் அடங்காமல் தமக்கென்று ஓர் இடைவெளி வைத்திருப்பதை அவர் கண்டார். பல ஆண்டு விடாமல் பார்த்து எழுதியிருக்காவிட்டால் இது தெரிந்திருக்குமா?

இன்று நம்மிடம் படங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அவற்றில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பூத்தால் மட்டுமே படம் எடுக்கிறோம். பூக்காத நாளை யாரும் பதிவேற்றுவதில்லை. "இன்று பார்த்தேன், ஒரு பூவும் இல்லை" என்பதும் ஒரு தரவு. அது இல்லாமல் மாற்றத்தை அளக்க முடியாது.

இது ஏன் இப்போது அவசரம்? 2024 ஜனவரியில் வெளியான சிங்கப்பூரின் மூன்றாவது தேசியப் பருவநிலை ஆய்வு, இந்த நூற்றாண்டுக்குள் நம் மழைக்காலம் மேலும் மழை மிகுந்ததாகவும் வறண்ட காலம் மேலும் வறண்டதாகவும் மாறும் என்று கணிக்கிறது. மழையையும் வறட்சியையும் பார்த்து நாள் குறிக்கும் மரங்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி என்ன? அவை எப்படி மாறுகின்றன என்று 2050ல் ஒருவர் கேட்டால், ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய தேதிகள் வேண்டும்.

நேரம் இல்லை என்பீர்கள். துணைப்பாட வகுப்பு, இணைப்பாட நடவடிக்கை, தேர்வு எல்லாம் எனக்கும் தெரியும். நான் கேட்பது வாரத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம். நட்டு வளர்த்த மரம், அதுவும் வெளிநாட்டு மரம், அதில் என்ன இயற்கை என்பீர்கள். மரத்தை நட்டது மனிதர்தான். எப்போது பூக்க வேண்டும் என்று யாரும் அதற்குக் கட்டளை போடவில்லை.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி வளாகத்தில் ஒரு மரத்துக்கு எண் கொடுத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தை ஒதுக்குங்கள். உயர்நிலை ஒன்று மாணவர்கள் எழுதட்டும். அவர்கள் பள்ளியை விட்டுப் போகும்போது அடுத்த அணியிடம் ஒப்படைக்கட்டும். பத்து ஆண்டில் அந்த நோட்டுப் புத்தகம் எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒன்றைச் சொல்லும்.

பள்ளி தொடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தினமும் கடந்துபோகும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்தி போடுங்கள்: தேதி, இலை, பூ, கடைசியாகப் பெய்த கனமழை. பூ இல்லாத நாளில் "இல்லை" என்று எழுதுங்கள். பெரும்பாலான நாள்கள் "இல்லை" என்றுதான் இருக்கும். ஒரு நாள் காலை அந்தப் பத்தியில் "பூத்தது" என்று எழுதும்போது, மற்றவர்கள் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போன ஒரு விஷயம் உங்களுக்கு ஏன், எப்படி என்று தெரிந்திருக்கும். அந்த மகிழ்ச்சியை ஒருமுறை அனுபவித்துப் பாருங்கள்.