‘நல்ல கேன்சர்’ என்று சொல்கிறவர்களுக்கு



புற்றுநோயில் நல்லது கெட்டது உண்டா? உண்டென்கிறார்கள். கழுத்தில் வரும் தைரொயிட் புற்றுநோய் என்றதும், “அது நல்ல கேன்சர், வெட்டி எடுத்தால் சுகமாகிவிடும்” என்கிறார்கள். காரியாலயத்தில் துரை சொல்கிறார். சில இடங்களில் நமது தோட்டத் தலைவர்களும் அதையே சொல்கிறார்கள்.

அதில் பாதி உண்மை. இந்த நோயில் அதிகமாகக் காணப்படும் வகை மெதுவாக வளர்வது. நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலானோர் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். அந்தப் பத்தாண்டுகளைத் தலையில் கூடைக்கயிறோடு மலையில் எப்படி வாழ்வது என்பது மற்றப் பாதி. அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்வரிசையில் நிற்பது மார்புப் புற்றுநோய். தைரொயிட்டும் அதே வரிசையில்தான் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களையே இது பல மடங்கு பிடிக்கிறது. கொழுந்து எடுப்பது யார்? கம்பனிகளின் இலாபம் யாருடைய விரலில் இருக்கிறது? ஆகவே இது குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயமல்ல, தொழிற்சங்கப் பிரச்சினை.

தைரொயிட் என்பது குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி போல ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். கூடச் சுரந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ஆள் மெலியும். குறையச் சுரந்தால் களைப்பு, குளிர் தாங்க முடியாமை, உடம்பு ஊதல், மலச்சிக்கல், மாதவிடாய் அதிகமாகப் போதல், மறதி. இந்தக் குறைகளை நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? குளிர் எல்லோருக்கும்தான். களைப்பு என்று டிஸ்பென்சரிக்குப் போனால் “இரத்தம் குறைவு” என்று இரும்பு மாத்திரை கிடைக்கும். நம் பெண்களிடம் இரத்தச்சோகை அதிகம் என்பதால் அது பல நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை போட்டும் களைப்பு போகாதவளை டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி யார் கேட்கிறார்கள்? அவளுக்குக் கிடைக்கும் பெயர் “சோம்பேறி”.

கழுத்தில் கட்டி கண்டவுடன் பயந்து ஒளிக்கவும் வேண்டாம். இப்படிப்பட்ட கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் புற்றுநோய் அல்ல. ஆனாலும் எச்சில் விழுங்கும்போது மேலும் கீழும் அசையும் கட்டியையும், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கரகரப்பையும் ஸ்கேன் செய்து பார்க்கத்தான் வேண்டும். “கழலைதானே, பாட்டிக்கும் இருந்தது” என்ற பேச்சை விடுங்கள். பாட்டி காலத்தில் உப்பில் அயடீன் இல்லை. 1995இலிருந்து விற்பனைக்கு வரும் உப்பில் அயடீன் சேர்ப்பது நாட்டின் சட்டம்.

இனி சத்திரசிகிச்சை முடிந்து வந்தவளின் கதைக்கு வருவோம். சுரப்பியை முழுதாக எடுத்தவருக்குத் தைரொக்சின் மாத்திரை சாகும்வரை. அதைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். தேத்தண்ணியும் கூடாது. இரும்பு மாத்திரைக்கும் கல்சியம் மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் தைரொக்சின் உடம்பில் ஏறாது. ஐந்து மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, மலைக்கு ஓடுகிறவளுக்கு இதைத் தமிழில் விளக்கிச் சொன்னது யார்? நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று தமிழ். அவளுடைய கிளினிக் கொப்பியிலோ அது இல்லை. எல்லா மாத்திரையையும் ஒரே பிடியாக வாயில் போட்டு, சாயத்தண்ணி குடித்துவிட்டு மலையேறுகிறாள். ஆறு மாதம் கழித்து, “மருந்து ஒழுங்காகக் குடிப்பதில்லையா?” என்று அவளுக்கே ஏச்சு. (காலையில் முடியாவிட்டால் இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். டொக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.)

சிலருக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் கதிரியக்க அயடீன் கொடுப்பார்கள். அதற்கு முன் பெரும்பாலும் சில வாரம் தைரொக்சினை நிறுத்தி வைப்பார்கள். அந்த வாரங்களில் உடம்பு எண்ணெய் வற்றிய விளக்கு. கால் தூக்க முடியாது, முகம் வீங்கும், சொன்னது மறக்கும். அந்த நிலையிலும் நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான்! எங்கள் பிரிவில் ஒரு அக்காவுக்கு அப்படி வரிசையாக அரைப்பேர் விழுந்தது. கேட்டதற்கு, “தழும்பு ஆறிவிட்டதே, இன்னும் என்ன?” என்றார்கள். தழும்பு கழுத்தில் ஆறுகிறது. சுரப்பி திரும்ப முளைப்பதில்லை, ஐயா.

அயடீன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது இன்னொன்று சொல்வார்கள். சில நாட்களுக்குத் தனியாகப் படுக்க வேண்டும், சிறு பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கக் கூடாது, முடிந்தால் தனி மலசலகூடம். நல்ல ஆலோசனை. லயத்தின் ஒற்றைக் காம்பிராவில், ஆறு பேர் படுக்கும் இடத்தில், தனி அறை எது? பொது மலசலகூடத்தில் தனி எது? வீட்டுரிமைக்காகப் போராடும்போது நாம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்று, வெளிச்சம் மட்டுமல்ல, நோயாளி ஒரு வாரம் விலகிப் படுக்க ஒரு மூலை கூட நமக்கு இல்லை.

பிறகு கிளினிக். மகரகம வைத்தியசாலைக்கு ஹட்டன் பக்கமிருந்தோ பதுளையிலிருந்தோ போவதென்றால் முதல் நாள் இரவே புறப்பட வேண்டும். துணைக்கு ஒருவர். இரண்டு பேருடைய பேரும் போச்சு. மருந்தின் அளவு சரிப்படும்வரை ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும், பிறகும் வருடா வருடம். கர்ப்பமானால் மருந்தின் அளவு கூடும், மறுபடி பரிசோதனை. நாட்கூலிக்காரிக்கு இவை அத்தனையும் சம்பளமில்லாத நாட்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ஆக்கவும், அரசாங்கம் வரவுக் கொடுப்பனவாக 200 ரூபா தரவும் முன்மொழிந்தார்கள். கூட்டுவதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வரவுக்குக் காசு என்றால், வைத்தியசாலை வரிசையில் நிற்பவளுக்கு இரட்டை வெட்டு. 2016 கூட்டு ஒப்பந்தத்திலும் வரவுக்கென்று 60 ரூபா தனியாக இருந்தது. அப்போதும் நோயாளியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. மேசையில் உட்கார்ந்திருந்த தொழிற்சங்கங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

“வைத்தியம் அரசாங்கத்தின் வேலை, எங்கள் வேலை தேயிலை” என்கிறார்கள் கம்பனிக்காரர்கள். வெள்ளைக்காரன் 1912இல் கொண்டுவந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே தோட்டத் தொழிலாளியின் நோய்க்குத் தோட்டத்தைப் பொறுப்பாளியாக்கியது. அவன் நம் மேல் உள்ள அன்பினால் செய்யவில்லை. ஆள் செத்தால் கொழுந்து எடுக்க ஆளில்லை என்ற கணக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய கம்பனிக்கு அந்தக் கணக்குக் கூடத் தெரியவில்லை. முப்பது வருடம் கை பழகிய தொழிலாளியை, “முடியாவிட்டால் பேரை வெட்டிக்கொள்” என்று அனுப்பிவிட்டு, ஆள் பற்றாக்குறை என்று பத்திரிகையில் அழுகிறது.

நாம் கேட்பது பெரிய காசல்ல. கிளினிக் துண்டு காட்டினால் அன்றைக்கு முழுப் பேர். மருந்து நிறுத்தப்பட்ட வாரங்களிலும் அயடீனுக்குப் பிந்திய நாட்களிலும் கிலோக் கணக்கில்லாத இலகு வேலை. தைரொக்சின் தட்டுப்பாடில்லாமல் தோட்ட டிஸ்பென்சரியிலேயே கிடைக்க வேண்டும். 2022இல் மருந்தில்லாமல் வெளிக்கடையில் காசு கொடுத்து வாங்கியதும், வாங்க முடியாமல் நாள்விட்டு நாள் போட்டதும் மறக்கவில்லை. மருந்து முறையைத் தமிழில் எழுதிய ஒரு துண்டுக் கடதாசியும் வேண்டும்.

தோட்டக் கமிட்டிகளுக்கு: அடுத்த மாதக் கூட்டத்தில் இதை எடுங்கள். மாதர் தலைவிமார் லயம் லயமாகக் கேட்டு, தைரொயிட் மருந்து குடிப்பவர்களின் கிளினிக் திகதிகளை, அவர்கள் சம்மதித்தால் மட்டும், குறித்துக்கொள்ளுங்கள். அரைப்பேர் விழுந்த நாட்களின் சம்பளத் துண்டையும் கிளினிக் கொப்பியையும் போட்டோக் கொப்பி எடுங்கள். ஒன்று தோட்டக் காரியாலயத்துக்கு, ஒன்று நமது மாவட்டக் காரியாலயத்துக்கு. கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்காமல் திரும்பி வராதீர்கள்.