பதினாறு எண்ணுங்க, திரும்புங்க!

போன மாதம் கும்பகோணத்தில் சித்தி பெண்ணுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு அண்ணன் முறை, அதிலும் பி.காம். படித்தவன் என்பதால் ரிசப்ஷனில் எனக்கு மிகப் பொறுப்பான உத்தியோகம் கொடுத்திருந்தார்கள். மொய் நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஆனால் எழுதக் கூடாது. எழுத வேறு ஆள் இருந்தார். அவர் சரியாக எழுதுகிறாரா என்று பார்க்க வேண்டும். ஆடிட்டிங் மாதிரி.

எட்டு மணி சுமாருக்கு, மீசை முளைத்தும் முளைக்காத ஒரு பையன் லேப்டாப்பைத் தட்டினான். அவன்தான் டி.ஜே.யாம். நாலைந்து குத்துப் பாட்டு ஓடியது. அப்புறம் திடீரென்று அந்த இசை. ஒரு பெண் சிரிக்கிறாள், தாளம் தொடங்குகிறது. மக்கரேனா!

மணப்பெண்ணின் அம்மா, அதாவது என் சித்தி, அப்போது சம்பந்தி மாமிக்கு ஐஸ்க்ரீம் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவர். ஐஸ்க்ரீமை என் கையில் திணித்தார். பட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அவ்வளவுதான்.

வலது கையை நீட்டினார், இடது கையை நீட்டினார். உள்ளங்கையைத் திருப்பினார், ஒன்று, இரண்டு. வலது கை இடது தோளுக்கு, இடது கை வலது தோளுக்கு. அப்புறம் ரெண்டு கையும் ஒவ்வொன்றாகப் பின்மண்டைக்கு (போலீஸ் சோதனை போடும்போது நிற்பார்களே, அப்படி). அப்புறம் இடுப்புக்கு. அப்புறம்... குடும்பப் பத்திரிகை, பின்பக்கத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை இடுப்பை ஒரு சுழற்று. பதினாறாவது எண்ணிக்கையில் ஒரு குதி, கால் வட்டம் திரும்பு. மறுபடி முதலிலிருந்து.

சித்தப்பா என் காதருகே வந்தார். "என்னடா இவ? பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் பாக்கியா?"

அதற்குள் பந்தியிலிருந்து பாதிக் கூட்டம் எழுந்து வந்து சித்திக்குப் பின்னால் வரிசை கட்டிவிட்டது. சம்பந்தி மாமி உட்பட. ஐஸ்க்ரீம் என் கையில் உருகிக்கொண்டிருந்தது.

இந்தப் பாட்டின் பூர்வாசிரமத்தை அன்று ராத்திரியே கிளற ஆரம்பித்தேன். கிளறக் கிளற, ஒரு கமர்ஷியல் சினிமாவுக்கான அத்தனை சமாசாரமும் இருக்கிறது.

ஸ்பெயினில் செவில் நகரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பெயர் தோஸ் எர்மானாஸ். 'இரண்டு சகோதரிகள்' என்று அர்த்தம். இரண்டு சகோதரிகள் ஊரிலிருந்து இரண்டு ஆண்கள் கிளம்பினார்கள். அன்டோனியோ ரொமேரோ, ரஃபேல் ரூயிஸ். 1962-லிருந்து ஜோடியாகப் பாடியவர்கள். குழுவின் பெயர் லோஸ் தெல் ரியோ, அதாவது 'ஆற்றங்கரைக்காரர்கள்'. நம் பாஷையில் 'காவேரிக்கரை பிரதர்ஸ்' என்று போர்டு மாட்டியிருப்பார்கள். கிடார், கைதட்டல், நாட்டுப்புற ரும்பா, கல்யாணம், திருவிழா, பணக்கார வீட்டு விருந்து என்று முப்பது வருஷம் ஓட்டியவர்கள். அவர்கள் ஊர்ப் பக்கம் நல்ல மரியாதை. அதைத் தாண்டினால் யார் என்று கேட்பார்கள்.

1992-ல் வெனிசுவேலா போனார்கள். கராகஸில் கோடீஸ்வரர் குஸ்டாவோ சிஸ்னெரோஸ் கொடுத்த ஒரு விருந்து. அங்கே டயானா பாட்ரீசியா என்று உள்ளூர் நடனக்காரி ஃப்ளமெங்கோ ஆடினார். ஆட்டத்தைப் பார்த்த அன்டோனியோவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உடம்புக்குக் கொஞ்சம் சந்தோஷத்தைக் கொடும்மா என்கிற தோரணையில் அந்த இடத்திலேயே இரண்டு வரி எடுத்துவிட்டார். நம்மூர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரன் சமயோசிதமாக எடுத்துவிடுவானே, அந்த ஜாதி. பல்லவி ரெடி.

அப்போது பாட்டில் இருந்த பெயர் மக்தலேனா. அப்புறம்தான் மக்கரேனா ஆனது. அன்டோனியோவின் மகள் பெயரில் மக்கரேனா உண்டு. செவில் நகரத்தில் மக்கரேனா என்று ஒரு பேட்டை. அங்கே கோயில் கொண்டிருக்கும் மாதாவுக்கும் அதுதான் பெயர். மதுரையில் மீனாட்சி என்று பெண் குழந்தைக்கு வைப்பது மாதிரி, ஊர்ப்பற்றும் பக்தியும் கலந்த பெயர்.

சரி, அந்தப் பாட்டில் வரும் மக்கரேனா என்ன செய்கிறாள்? இங்கேதான் நான் நாற்காலியிலிருந்து விழுந்தேன். அவளுக்கு விட்டோரினோ என்று ஒரு காதலன். பையன் பட்டாளத்தில் சேர்ந்து சத்தியப் பிரமாணம் எடுக்கப் போயிருக்கிறான். போன கேப்பில், அம்மணி அவனுடைய சினேகிதர்களோடு கும்மாளம் போடுகிறாள். ஒருத்தன் இல்லை சார், ரெண்டு பேர்! பின்னால் வந்த இங்கிலீஷ் வரிகளிலும் இதே கதைதான். பெற்ற மகளின் பெயரை இந்தக் கதாநாயகிக்கு வைக்க எப்படி மனசு வந்தது என்று அன்டோனியோவைக் கேட்க ஆசை. இதைத்தான் உலகம் பூராவும் எல்.கே.ஜி. குழந்தைகள் ஆண்டு விழாவில் ஆடியிருக்கின்றன. தாத்தா பாட்டிகள் கைதட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு மேடையில் ஆடிய சம்பந்தி மாமி, சீரியலில் வில்லி கண்ணடித்தாலே சேனலை மாற்றுகிறவர். நான் மூச்சு விடவில்லை.

1993-ல் பாட்டு வெளியானது. ஸ்பெயினில் நன்றாகப் போனது. அதற்கப்புறம் நடந்ததுதான் விசேஷம். கரிபியன் பக்கம் பாட்டு பரவியது. உல்லாசக் கப்பல்களில் வந்த டூரிஸ்டுகள் கேட்டுவிட்டு ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்று ஒரு கட்சி. எப்படியோ மயாமிக்கு வந்து சேர்ந்தது. அங்கே பவர் 96 என்று ஒரு ரேடியோ. அதில் வேலை பார்த்த ஜானி கரீதே, ராத்திரியில் க்ளப்பில் டி.ஜே. வேலையும் பார்ப்பார். இந்தப் பாட்டைப் போட்டால் ஜனங்கள் எழுந்து வருவதைக் கவனித்தார். ரேடியோவில் போடலாமா என்று கேட்டதற்கு, இங்கிலீஷில் இருந்தால் பார்க்கலாம் என்றது மேலிடம்.

கரீதே தன் கூட்டாளிகள் இருவரைப் பிடித்தார். கார்லோஸ் தே யார்சா, மைக் ட்ரியாய். 'பேசைட் பாய்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு ரீமிக்ஸ் செய்தார்கள். தே யார்சா இங்கிலீஷில் சரணம் எழுதினார். ஒரு ஸ்டூடியோ பாடகி பாடினார். அடியில் புது டான்ஸ் தாளம். ஆற்றங்கரைக்காரர்களின் குரல் பல்லவியில் மட்டும் அப்படியே இருக்கிறது. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது வாசல் தூணை மட்டும் விட்டுவைப்பார்களே, அது மாதிரி.

அந்தச் சிரிப்பு? அது மயாமி சரக்கே இல்லை. யாசூ என்ற இங்கிலாந்துக் குழு 1982-ல் வெளியிட்ட ஒரு பாட்டில், அலிசன் மோயே என்ற பாடகி சிரித்த சிரிப்பு. அதை வெட்டியெடுத்து இதில் ஒட்டினார்கள். பல்லவி ஸ்பெயினில், பொறி வெனிசுவேலாவில், தாளம் மயாமியில், சிரிப்பு இங்கிலாந்தில். நம் தெருமுனை மெக்கானிக் கூட ஒரு ஸ்கூட்டருக்கு இத்தனை ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் மாட்ட மாட்டார்.

இந்த இடத்தில் என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிக்கொள்கிறேன். ஸ்டூடியோவில் கூலிக்குப் பாட வருகிறவர்களுக்குப் பொதுவாக லம்ப்சம்தான். பாடு, பணத்தை வாங்கு, கையெழுத்துப் போடு, கிளம்பு. பாட்டு பத்துக் காப்பி விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் அதே தொகை. வரிக்கும் மெட்டுக்கும் சொந்தக்காரனுக்கு ராயல்டி, தொண்டைக்குச் சொந்தக்காரனுக்குக் கூலி. கான்ட்ராக்ட் சட்டத்தை நான் காலேஜில் படித்துப் பாஸ் பண்ணியவன். ஆனாலும் ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஜவுளிக்கடைக்கு நாலு வரி விளம்பரப் பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, 1,500 ரூபாயும் ஒரு வேட்டியும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தேன். இன்றைக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி அதைத்தான் போடுகிறார்கள். என் வீட்டு வாசலில் நிறுத்திப் போடுகிறார்கள். வேட்டி கிழிந்து மூன்று வருஷமாகிறது.

போகட்டும். அந்த ரீமிக்ஸ் 1995-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலுக்குள் நுழைந்தது. உடனே முதலிடம் எல்லாம் வரவில்லை. உள்ளே வந்து, வெளியே போய், மறுபடி வந்து, முப்பத்துமூன்று வாரம் படியேறி, 1996 ஆகஸ்டில்தான் உச்சிக்கு வந்தது. வந்ததும் இறங்க மறுத்துவிட்டது. 14 வாரம் முதலிடம்! மொத்தம் 60 வாரம் பட்டியலில் இருந்தது. இங்கிலாந்தில் மட்டும் இரண்டாம் இடம். அங்கே முதல் படியில் ஸ்பைஸ் கேர்ள்ஸ் உட்கார்ந்திருந்தார்கள்.

கிறுக்குக்குக் காரணம் பாட்டு பாதி, ஆட்டம் பாதி. வீடியோவுக்கு மியா ஃப்ரை என்ற நடன அமைப்பாளர். வெள்ளைப் பின்னணி, ஆடும் பெண்கள். ஆற்றங்கரைக்காரர்கள் இருவரும் ஐம்பதை நெருங்கிய வயதில் கோட்டும் டையுமாக, பாங்க் மேனேஜர்கள் மாதிரி மைக் முன்னால் நிற்கிறார்கள். ஆட்டத்துக்கு ஜோடி வேண்டாம், இடம் வேண்டாம், வளைகிற உடம்பு வேண்டாம். கை இரண்டு இருந்தால் போதும். அதனால்தான் 1996 ஆகஸ்டில் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரம் பேர் ஒன்றாக ஆட முடிந்தது.

அதே மாதம் சிகாகோவில் டெமாக்ரடிக் கட்சி மாநாடு. கட்சிப் பிரதிநிதிகள் கூட்டம் கூட்டமாக ஆடினார்கள். துணை ஜனாதிபதி அல் கோர் மேடை ஏறினார். மரக்கட்டை மாதிரி நிற்பார் என்று பெயர் வாங்கிய மனிதர். என் பாணி மக்கரேனாவை ஆடிக் காட்டுகிறேன் பாருங்கள் என்றார். அசையாமல் நின்றார். இன்னொரு தடவை வேண்டுமா என்று கேட்டார். அரங்கம் அதிர்ந்தது. தன்னைத் தானே கிண்டலடிக்கத் தெரிந்த அரசியல்வாதி! நம் பக்கம் இதை யாராவது முயன்றால் நான் மொய் எழுதத் தயார்.

எந்தப் பாட்டை ஜனங்கள் தலையில் தூக்கி வைக்கிறார்களோ, அதையே அப்புறம் காதைப் பொத்திக்கொண்டு திட்டவும் செய்வார்கள். 2002-ல் விஹெச்1 என்ற அமெரிக்க டி.வி. 'ஒரே ஒரு ஹிட் கொடுத்தவர்கள்' என்று நூறு பேர் பட்டியல் போட்டபோது, முதல் இடம் மக்கரேனாவுக்கு. முப்பது வருஷம் பாடிய மனிதர்களை ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்கள். அது எனக்கு என்னவோ பிடிக்கவில்லை. ஒரு ஹிட்டும் கொடுக்காதவர்கள் பட்டியல் போட்டால் எவ்வளவு பேப்பர் செலவாகும்?

கல்யாண மண்டபத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இதையெல்லாம் செல்போனில் படித்துக்கொண்டிருந்தபோது சித்தி வந்தார். காலில் தைலம் தேய்த்திருந்தார். மணமக்களை அனுப்பிவிட்ட களைப்பு.

"ஏன் சித்தி, இந்த ஆட்டம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ கேபிள்ல எப்பப் பாரு இதானேடா. நைட் டூட்டியில தூக்கம் வராம இருக்க நாங்க நாலு பேர் ஆடுவோம். அத விடு. இந்தப் பாட்டு வேற ஒண்ணுக்கும் ஆகும், தெரியுமா?"

தெரியாது. சித்தி சொன்னதை அப்புறம் சரிபார்த்தேன். 2017-ல் பார்சிலோனா பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு சோதனை நடத்தியிருக்கிறார்கள். இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அமுக்கி உயிர் கொடுக்கிறார்களே, அதை நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை செய்ய வேண்டும். பதற்றத்தில் யாருக்கும் அந்த வேகம் பிடிபடாது. 164 மருத்துவ மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். சும்மா அமுக்கியவர்கள் நூற்றுக்கு 24 தடவைதான் சரியான வேகத்தில் இருந்தார்கள். மக்கரேனாவை மனசுக்குள் ஓட்டியபடி அமுக்கியவர்கள் 74. செல்போன் ஆப் வைத்துக்கொண்டவர்கள் 91. ஆனால் ஆப்பை எடுத்துத் திறந்து ஆரம்பிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. பாட்டு அப்படியில்லை, ஏற்கெனவே மண்டையில் இருக்கிறது. அதன் வேகம் நிமிஷத்துக்குச் சுமார் 103.

"வேகம் மட்டும் போதாதுடா. அஞ்சு சென்டிமீட்டர் உள்ள போகணும். எல்லாரும் பயந்துக்கிட்டு மெதுவாத் தடவுவாங்க" என்றார் சித்தி. சொல்லிவிட்டு, பக்கத்தில் ஜமுக்காளத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பாவுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ரெண்டு ஸ்டென்ட் வைத்தார்கள்.

"இவ்வளவு நாள் வீட்டுல நானும் அவளும் இருந்தோம். அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். இன்னிக்கு அவ போயிட்டா. நான் கடைக்குப் போயிருந்தா யாரு? பக்கத்துத் தெருவுல நீதான் இருக்கே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தலையணையை எடுத்துத் தரையில் போட்டார். என்னை முட்டி போடச் சொன்னார். உள்ளங்கை மேல் உள்ளங்கை. முழங்கை மடங்கக் கூடாது. தோளிலிருந்து அமுக்க வேண்டும். மெல்லிய குரலில் பாட்டை முணுமுணுத்தார். நான் அமுக்கினேன். பத்து, இருபது, முப்பது. ஆட்டத்துக்குப் பதினாறில் திரும்பிவிடலாம். இதில் திரும்புகிற வேலையே கிடையாது. ஒரு நிமிஷத்துக்குள் சட்டை நனைந்துவிட்டது.

சத்தம் கேட்டு சித்தப்பா ஒரு கண்ணைத் திறந்தார். "நடு ராத்திரியில தலையணையைப் போட்டு ஏன்டா இந்த மொத்து மொத்தறே?"

"நீங்க தூங்குங்க" என்றார் சித்தி.

நான் மூச்சு வாங்கக் கையை எடுத்தேன்.

"நிறுத்தாதடா. நூத்தியெட்டு இன்னும் வரலை."