டவுன் ஸ்கூலும் எங்க ஊர் பிள்ளைகளும்



ஜூன் மாசம் வந்தா எங்களுக்கு ரெண்டு செலவு ஒண்ணா வந்து நிக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12 திறந்தா குறுவைக்கு உழவு, விதை, நாத்தங்கால்னு கையில காசு வேணும். அதே சமயத்துல பள்ளிக்கூடமும் திறக்கும். எனக்கு இருக்கிறது ஒன்பது மா நிலம், ஏக்கர் கணக்குல மூணு. என் மகன் இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பன்னிரண்டு வருஷமும் வீட்டு நகை கழுத்துல இருந்த நாளை விட கூட்டுறவு சங்கத்துல அடகு இருந்த நாள்தான் அதிகம்.

இப்ப பேத்திக்கு ஒண்ணாம் வகுப்பு. மருமக வேன் வர்ற பள்ளிக்கூடம்தான் வேணும்னு சொல்லுது. நான் ஊர் அரசு பள்ளிக்கூடம்னு சொல்றேன். வீட்டுல ஒரு வாரமா இதே பேச்சு. அதான் மனசுல இருக்கிறதை எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

கும்பகோணத்துல டவுன் ஹைஸ்கூல்னு ஒண்ணு இருக்கு. 1864-ல ஆரம்பிச்சது. 1857-ல சென்னைப் பல்கலைக்கழகம் வந்தாச்சு. மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணினாத்தான் காலேஜுக்குப் போக முடியும். குமாஸ்தாவா, வக்கீலா ஆகணும்னா இங்கிலீஷ் தெரியணும். அந்தத் தேவைக்கு நம்ம பக்கத்துல முளைச்ச பள்ளிக்கூடங்கள்ல அது ஒண்ணு.

கணித மேதை ராமானுஜன் அங்கதான் படிச்சார். அவங்க அப்பா ஜவுளிக் கடையில கணக்கு எழுதினவர். வசதியான குடும்பம் இல்ல. 1897-ல பிரைமரி பரீட்சையில தஞ்சாவூர் ஜில்லாவிலேயே முதலா வந்ததால டவுன் ஸ்கூல்ல பாதிச் சம்பளம் கட்டினா போதும்னு சேர்த்துக்கிட்டாங்க. 1903 டிசம்பர்ல மெட்ரிகுலேஷன் பாஸ். அடுத்த வருஷம் கும்பகோணம் அரசு காலேஜ்ல உதவித்தொகை கிடைச்சது. இங்கிலீஷும் கணக்கும் நல்லா வர்ற பையனுக்குக் கொடுக்கிற உதவித்தொகை அது. அதுக்கப்புறம் கணக்கு ஒண்ணையே கட்டிக்கிட்டு அழுததுல மத்த பாடத்துல கோட்டை விட்டார். உதவித்தொகையும் போச்சு.

ஆனா 1913 ஜனவரியில கேம்பிரிட்ஜ்ல இருந்த ஹார்டிக்கு அவர் லெட்டர் எழுதினது இங்கிலீஷ்லதான். தான் யாரு, என்ன கண்டுபிடிச்சோம்னு புரியும்படி எழுத அவருக்கு முடிஞ்சது. அதுக்கு அடித்தளம் டவுன் ஸ்கூல்தான்னு நான் நினைக்கிறேன்.

இதை வச்சு அந்தக் காலம் பொற்காலம்னு சொல்ல வரல. அதே 1898-ல எங்க குடும்பத்துப் பிள்ளை எதுவும் அந்த வாசப்படி மிதிக்கல. என் தாத்தா கைநாட்டு. எங்க வீட்டுல முதல்ல பத்தாவது முடிச்சது நான்தான், 1985-ல. இங்கிலீஷ்ல தட்டுத் தடுமாறித்தான் தேறினேன். அந்தக் குறை மனசுல இருந்ததாலதான் மகனை வேன்ல ஏத்திவிட்டேன்.

பலன் என்னன்னு ஒரு நாள் தெரிஞ்சது. அவன் எட்டாவது படிக்கிறப்ப களைக்கொல்லி வாங்கிட்டு வந்தேன். பாட்டிலோட இருந்த சீட்டைப் படிக்கச் சொன்னேன். இங்கிலீஷை மடமடன்னு வாசிச்சான், கேட்கவே பெருமையா இருந்துச்சு. "சரிப்பா, வயல்ல தண்ணி நிறுத்தி அடிக்கணுமா, வடிச்சிட்டு அடிக்கணுமா?"ன்னு கேட்டேன். முழிச்சான். திருப்பிப் போட்டுத் தமிழைப் படின்னேன். அதை எழுத்துக் கூட்டித்தான் படிச்சான். கடைசியில நானே கண்ணாடியைப் போட்டுக்கிட்டு படிச்சேன். அவன் மேல தப்பு இல்ல. சத்தம் போட்டு ஒப்பிக்கத்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். 2004 ஜூலை 16. கும்பகோணத்துல ஒரு பள்ளிக்கூடத்துல தீப்பிடிச்சு 94 பிள்ளைங்க போயிட்டாங்க. கீத்துக் கூரை. என் மகன் படிச்சது வேற பள்ளிக்கூடம். இருந்தாலும் சேதி காதுல விழுந்ததும் மம்பட்டியை வரப்புல போட்டுட்டு சைக்கிளை எடுத்தவன்தான், அவனைக் கண்ணால பார்த்த பிறகுதான் மூச்சே வந்துச்சு. அதுக்கப்புறம்தான் எங்களை மாதிரி ஆளுங்க கூரை என்ன, படிக்கட்டு எத்தனைன்னு பார்க்கப் பழகினோம். உள்ள நின்னு பாடம் நடத்துறது யாரு, எப்படி நடத்துறாங்கன்னு பார்க்க இன்னும் பழகல. போர்டுல இங்கிலீஷ் மீடியம்னு இருந்தா போதும்னு விட்டுடறோம்.

என் கருத்து இதுதான். இங்கிலீஷ் வேணும். வேண்டாம்னு சொல்றவங்க பெரும்பாலும் தன் பிள்ளைக்கு அதைக் கொடுத்துட்டுத்தான் சொல்றாங்க. ஆனா இங்கிலீஷைக் கத்துக் கொடுக்கிறது வேற, எல்லாப் பாடத்தையும் இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ண வைக்கிறது வேற. வீட்டுல யாருக்கும் இங்கிலீஷ் தெரியாத பிள்ளைக்கு ரெண்டாவது முறை பாரமாப் போயிடுது. முதல்ல தமிழ்ல புரியட்டும். கூடவே இங்கிலீஷைப் பேசவும் எழுதவும் தினமும் உருப்படியா ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுங்க.

2012-க்கு அப்புறம் அரசு பள்ளிக்கூடத்துலயே இங்கிலீஷ் மீடியம் பிரிவு வந்துடுச்சு. 2020-ல இருந்து அரசு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம் ஒதுக்கீடும் இருக்கு. அப்படி இருந்தும் எங்க ஊர்ல வாத்தியார் இருக்காங்க, கட்டடம் இருக்கு, பிள்ளைங்க இல்ல. காலையில ஏழரைக்கு மஞ்சள் வேன் வந்து அள்ளிக்கிட்டுப் போயிடுது.

மருமக என்னைக் கேட்டுச்சு. "மாமா, உங்க பிள்ளையை மட்டும் வேன்ல அனுப்பினீங்க. என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தப் பரீட்சை?" சுருக்குன்னு இருந்துச்சு. அது கேட்டதும் நியாயம்தான். நான் சொன்னது, "அனுப்பிப் பார்த்ததாலதான்மா சொல்றேன். இந்த ஒரு வருஷம் பார்ப்போம். பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துக்கு மாசாமாசம் நான் போறேன். இங்கிலீஷ் வகுப்பு ஒழுங்கா நடக்கலைன்னா அடுத்த ஜூன்ல நானே வேனுக்குப் பணம் கட்டறேன்."

இன்னும் சரின்னு சொல்லல. ஆனா பிறப்புச் சான்றிதழை எடுத்து மேஜை மேல வச்சிருக்கு.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்ப நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துக்குள்ள ஒரு நடை போயிட்டு வாங்க. அரை மணி நேரம் பிள்ளைகளோட இங்கிலீஷ்ல பேசுங்க. தப்பாப் பேசினா சிரிக்காதீங்க. அது போதும்.

நாத்தங்காலுக்குத் தண்ணி வைக்கணும், வர்றேன்.