பட்டாளத்துக்காரர் பல்கலைக்கழகத்துக்குப் போனால் நம்ம ஊருக்கு என்ன லாபம்?



இரணியல் ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிற்கிற கூட்டத்தை ஒருநாள் நின்னு பாருங்க. ஒருபக்கம் இன்ஜினியரிங் முடிச்சிட்டு வேலை தேடி சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற பிள்ளைகள். இன்னொரு பக்கம் லீவு முடிஞ்சு ரெஜிமென்டுக்குத் திரும்புகிற நம்ம ஜவான்கள். ரெண்டு பேரும் ஊரை விட்டுத்தான் போகிறார்கள். இந்த ரெண்டு பேரையும் ஊரிலேயே சேர்த்து வைக்க ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

லெப்டினன்ட் ஜெனரல் பி.ஆர்.சங்கர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இந்திய ராணுவத்தின் பீரங்கிப் படைக்குத் தலைமை இயக்குநராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு சென்னை ஐஐடியின் விண்வெளிப் பொறியியல் துறையில் பேராசிரியராகச் சேர்ந்தார். 155 மி.மீ. பீரங்கிக் குண்டு இன்னும் அதிக தூரம் போக, அதற்குள் ராம்ஜெட் இன்ஜின் பொருத்தும் ஆராய்ச்சியில் அவருக்கும் பங்கு உண்டு. பறக்கும்போதே காற்றை உள்ளே இழுத்து எரிபொருளை எரிக்கிற நுட்பம் அது. கணக்குப் போட புரொபசர்கள் இருக்கிறார்கள். ஆனால் களத்தில் குண்டு எங்கே சொதப்பும், சிப்பாய்க்கு உண்மையில் என்ன தேவை என்பது பீரங்கியோடு வாழ்ந்தவருக்குத்தான் தெரியும். இந்த ரெண்டு அறிவும் சேர்கிற இடத்தில்தான் புதுப் பொருள் பிறக்கிறது, பின்னாலேயே தொழிலும் வேலையும் வருகிறது. தரமணியில் 2010-ல் திறந்த ஐஐடி ஆராய்ச்சிப் பூங்கா கம்பெனிகளையும் ஆய்வகத்தையும் ஒரே வளாகத்தில் வைத்ததும் இதற்காகத்தான்.

இதெல்லாம் சென்னைக்காரங்க சமாச்சாரம், நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? நமக்குத்தான் இது பழைய கதை! 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிக்கிய டச்சு அதிகாரி டிலனாய் என்ன ஆனார்? திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை நடந்தது. 1777-ல் இறந்து, அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். எதிரிப் படைக்காரரின் அறிவைக்கூட ஊருக்குப் பயன்படுத்திய மண் இது. சொந்தப் படைக்காரரின் அறிவை மட்டும் ஏன் வீணாக்க வேண்டும்?

இப்போ என்ன நடக்கிறது? 15, 17 வருஷ சர்வீஸ் முடித்து, நாற்பது வயதுக்கு முன்னாலேயே திரும்பி வருகிறார் ஒரு ஹவில்தார். ராடார் பழுது பார்த்தவர், டாங்கி இன்ஜினைக் கழற்றி மாட்டியவர். இங்கே அவருக்குக் கிடைப்பது பேங்க் வாசலில் செக்யூரிட்டி வேலை. இனி அக்னிபத் திட்டத்தில் 4 வருஷத்தில் திரும்பும் பிள்ளைகளும் வரப்போகிறார்கள். ஒரு அணியில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாவார்கள். மீதிப் பேர்?

சட்டத்தில் வழி இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்ற பதவிக்கு விதி வகுத்தது. பிஎச்.டி. கட்டாயமில்லை. தன் துறையில் குறைந்தது 15 வருஷ அனுபவம் வேண்டும். முப்படைத் துறையும் அந்தப் பட்டியலில் உண்டு. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை இப்படி நியமிக்கலாம்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான்:

👉 மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் நம் மாவட்டப் பொறியியல் கல்லூரிகளும் ஓய்வுபெற்ற ராணுவ, கடற்படை அதிகாரிகளை இந்தப் பதவிக்கு அழைக்கட்டும்.

👉 ஜெனரலுக்கு மட்டும் கதவு திறந்தால் போதாது. ஹவில்தார், சுபேதார்களை ஒர்க்‌ஷாப், ஆய்வகப் பயிற்றுநராக எடுக்கட்டும்.

👉 வேலை நம்ம ஊரைச் சார்ந்ததாக இருக்கட்டும். குளச்சல் விசைப்படகு இன்ஜின், ரப்பர் பொருட்கள், பக்கத்து மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துக்கு வேண்டிய உதிரிபாகம் என எத்தனையோ இருக்கிறது. தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் 5 மையங்கள் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. அதில் நம்ம மாவட்டம் இல்லை. அறிவாலாவது அதோடு இணைவோம்.

👉 வருஷக் கடைசியில் கணக்கு வேண்டும். எத்தனை தொழில் தொடங்கியது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். கல்லூரியைப் பட்டாளமாக்கச் சொல்லவில்லை. அங்கே கட்டளை, இங்கே கேள்வி. இரண்டாம் உலகப்போரை வென்ற ஐசனோவரே 1948-ல் கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவரானபோது எல்லாப் பேராசிரியர்களையும் திருப்திப்படுத்த முடியவில்லை. அவரும் நேட்டோ படைக்குத் தலைமை தாங்கக் கிளம்பிவிட்டார். அலங்காரத்துக்குப் பெரிய பெயரைக் கொண்டுவந்து நாற்காலியில் வைப்பதில் பயனில்லை. ஆய்வகத்தில் கையில் கிரீஸ் பட வேலை செய்கிறவர் வேண்டும்.

உங்கள் தெருவில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் இருப்பார். இன்றைக்கே போய்க் கேளுங்கள்: “அண்ணாச்சி, சர்வீஸ்ல என்ன வேலை பாத்திய?” அவர் சொல்வதைக் கமெண்டில் எழுதுங்கள், பெயர் வேண்டாம், கைத்தொழிலை மட்டும். பட்டியலைத் திரட்டி, கோரிக்கையோடு பல்கலைக்கழகத்திடம் கொடுப்போம்.

படியுங்கள், பகிருங்கள்!

#இரணியல் #குமரியில்_வேலை