என் நட்சத்திரம் மிருகசீரிடம்

எழுபது வருஷமாக வாலீஸ்வரர் கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை என்றால் "மிருகசீரிட நட்சத்திரம்" என்றுதான் சொல்லி வருகிறேன். அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

போன தை அமாவாசைக்குத் தம்பி மகன் காமிராவும் முக்காலியுமாக ஊருக்கு வந்தான். "பெரியப்பா, உங்க கொல்லைக்காட்டுல ஒரு ராத்திரி உட்காரணும்" என்றான். கடலை பிடுங்கிய காடு. சரி என்று நானும் போர்வையோடு போனேன்.

நடுவில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதற்கு மேலே சிவப்பாகத் தெரிவது திருவாதிரை. அதன் பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளியைக் காட்டி, "இதுதான் உங்க மிருகசீரிடம்" என்றான். நம்மூரில் அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராகவே கடக்கிறது.

அந்த நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு நெபுலா இருக்கிறதாம். 1959-இல் ஷார்ப்லெஸ் என்ற அமெரிக்கர் இப்படிப்பட்ட 313 மேகங்களைப் பட்டியல் போட்டார். அதில் இது 264-வது. நட்சத்திரத்தின் புற ஊதாக் கதிர் பட்டு ஹைட்ரஜன் வாயு சிவப்பாக ஒளிர்கிறது. முழுநிலாவைப் பத்து மடங்கு அகலமாக்கினாலும் அதைவிடப் பெரிது. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு மங்கல், போதாததற்கு, இருட்டில் நம் கண்ணுக்கு அந்தச் சிவப்பு எட்டாது. சாதாரணக் காமிராவில் உள்ள பில்டரும் அந்தச் சிவப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதால், இவன் அதைக் கழற்றி வைத்திருந்தான்.

பூமி சுற்றுவதற்கு ஈடாகக் காமிராவைத் திருப்ப ஒரு மோட்டார். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். நமக்கு அது வடக்கே 11 பாகை உயரத்தில்தான். அந்தப் பக்கம் பார்த்தால் வானமே வெளுத்துக் கிடந்தது. நெடுஞ்சாலை வெளிச்சம், அதற்கு இப்பால் எங்கள் தெருமுனை ஹைமாஸ் விளக்கு. துருவனைக் கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் ஆயிற்று.

அந்த விளக்குக்கு மனு எழுதியவன் நான்தான். முதல் கையெழுத்தும் என்னுடையது.

மூன்று மூன்று நிமிஷமாக நாற்பது படம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் அடுக்கினான். விடிகாலையில் காட்டினான்: என் நட்சத்திரத்தைச் சுற்றிச் செந்நிறப் புகை வளையம். முதலாம் இராசராசன் பிறப்பதற்கு முன்பே கிளம்பிய வெளிச்சம், நம் கொல்லைக்காட்டில் வந்து இறங்கியிருக்கிறது.

"இதுக்குன்னு தனி பில்டர் இருக்கு பெரியப்பா, போட்டா டவுன்லயும் எடுக்கலாம்" என்றான். காமிராவுக்குப் பில்டர் உண்டு, சரி. கண்ணுக்கு? சின்ன வயதில் கயிற்றுக்கட்டிலில் படுத்து அறுமீனை ஆறாக எண்ணினோம். இன்று எங்கள் தெருவில் நாலு தேறினால் அதிகம். பேரப்பிள்ளைகள் பால்வீதியைப் போனில்தான் பார்க்கிறார்கள்.

விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாம்பு, திருட்டு, ராத்திரி பஸ் இறங்கி வரும் பெண்பிள்ளைகள், எல்லாம் நினைத்துத்தான் அன்று கையெழுத்துப் போட்டேன். ஆனால் வெளிச்சம் விழ வேண்டியது தரையில். பாதி மேலே போனால் அது யாருக்கு உதவும்? விளக்குக்கு மேலே மூடி போட்டுக் கீழ்நோக்கித் திருப்பினால் போதும். கண்ணைக் குத்தும் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் எல்.இ.டி. போடலாம். ஆள் நடமாட்டம் அடங்கியபின் பாதியைக் குறைக்கலாம். கரண்டும் மிச்சம்.

நடக்காத காரியம் இல்லை. லடாக்கில் ஹான்லே வானாய்வகத்தைச் சுற்றியுள்ள பகுதியை 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்குள்ள சனங்கள் விளக்குக்கு மூடி போட்டுக்கொண்டுதான் வாழ்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலேயே, ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு 1960-களில் இடம் பார்த்ததும் இருட்டுக்காகத்தான். 1977-இல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பதைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு.

ஏரிக்கரைக்கு இன்னொரு ஹைமாஸ் கேட்டு இப்போது மனு சுற்றுகிறது. என்னிடமும் வந்தது. "மூடி போட்ட, கீழ்நோக்கிய விளக்கு" என்று ஒரு வரி சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பெரியவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். மே மாதக் கிராம சபையிலும் இதையே சொல்லப்போகிறேன், அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

உங்கள் நட்சத்திரம் எது? இன்று ராத்திரி மாடிக்குப் போய்த் தேடிப் பாருங்கள். தெரியவில்லை என்றால், கண்ணாடியை மாற்றுவதற்கு முன் தெருவிளக்கைப் பாருங்கள்.