டிரிட்டியம்: யாருக்காகப் பிரிப்பது?

மும்பை வடாலாவிலிருந்து கிழக்கே செம்பூரைத் தாண்டினால் அணுசக்தி நகர். தூத்துக்குடியில் 1978-ல் தொடங்கப்பட்டது உள்பட, நாட்டின் கன நீர் ஆலைகளுக்குப் பொறுப்பான கன நீர் வாரியத்தின் தலைமையகம் அங்குதான் உள்ளது. பாபா அணு ஆராய்ச்சி மையமும் அருகிலேயே. அவ்வட்டாரத் தமிழர்களுக்கு இவை பழகிய பெயர்கள். ஆனால், அந்தக் கன நீர் அணு உலைக்குள் சென்றபின் என்னவாகிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

கன நீரிலுள்ள டியூட்டீரியம், உலையில் நியூட்ரானை ஏற்று டிரிட்டியமாகிறது. இது கதிரியக்கம் கொண்ட ஹைட்ரஜன். அணுக்கரு இணைவு உலைகளுக்கு இதுவே எரிபொருள் என்பதால், கன நீரிலிருந்து இதைப் பிரித்தெடுக்க வேண்டும் என்ற குரல் வலுத்துள்ளது. 2005-ல் இந்தியாவும் சேர்ந்த பிரான்ஸ் நாட்டு 'இட்டர்' திட்டம் இதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது.

பிரிப்பது எளிதல்ல. டியூட்டீரியம், டிரிட்டியம் இரண்டின் கொதிநிலைகளும் மைனஸ் 250 டிகிரியை ஒட்டியவை. இடைவெளி ஒன்றரை டிகிரிகூட இல்லை. அந்தக் குளிரில் காய்ச்சி வடித்துத்தான் கனடா தனது டார்லிங்டன் ஆலையில் பிரிக்கிறது. தென் கொரியாவும் வோல்சோங்கில் பிரிக்கிறது. கன நீர் உலைகளின் எண்ணிக்கையில் கனடாவுக்குச் சளைக்காத இந்தியா இதைச் செய்ய இயலாத நாடல்ல.

இயலுமா என்பதல்ல கேள்வி, எதற்காக என்பதே. டிரிட்டியம் அணுகுண்டின் வீரியத்தையும் கூட்டும். கல்பாக்கத்தில் பிரிப்பு ஆலை உருவாவதாகப் பிரிட்டனின் பாதுகாப்பு இதழ் ஒன்று 1998 ஜனவரியில் எழுதியது. நான்கு மாதங்களில் போக்ரான் சோதனை நடந்தது. அமெரிக்காவுடனான உடன்பாட்டையொட்டி 2006-ல் உலைகள் பிரிக்கப்பட்டபோது, கல்பாக்கம், கைகா உலைகள் சர்வதேசக் கண்காணிப்புக்கு வெளியே வைக்கப்பட்டன. அங்குள்ள இருப்பை ராணுவ ரகசியம் என்று கூறலாம். ராஜஸ்தான், நரோரா, காக்ரபார் உலைகளுக்கு அந்த வாதம் பொருந்துமா? அவற்றைச் சிவில் உலைகள் என்று உலகுக்கு அறிவித்ததே மத்திய அரசுதானே! கண்காணிப்பில் டிரிட்டியத்துக்குக் கணக்குக் கேட்கும் விதி இல்லை என்பது வேறு விஷயம். வெளிநாட்டு ஆய்வாளருக்குச் சொல்ல வேண்டாம். நாடாளுமன்றத்துக்குச் சொல்வதில் என்ன தடை?

உண்மையில், இணைவு மின்சாரத்தைவிட அவசரமான காரணம் ஒன்று உண்டு. 2009 நவம்பரில் கைகாவில் குடிநீர்க் குளிர்விப்பானில் டிரிட்டியம் கலந்த கன நீர் சேர்க்கப்பட்டது. 50-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதைப் பருகினர். உள்ளே இருந்த எவரோ செய்த வேலை என்று விளக்கம் தரப்பட்டது. நாச வேலை இல்லாவிட்டாலும், கசிவும் ஆவியும் இத்தொழிலில் அன்றாடம். கன நீர் பழையதாக ஆக அதில் டிரிட்டியம் ஏறிக்கொண்டே போகும். அதைப் பிரித்தெடுத்தால் பணியாளர் உடலில் சேரும் கதிர்வீச்சு குறையும். பல ஆண்டுகளாக இயங்கிவரும் உலைகளின் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இதுதான் முதல் தேவை.

இட்டரில் டிரிட்டியம் எரியத் தொடங்குவது 2039-க்குத் தள்ளிப் போயிருக்கிறது. டிரிட்டியமோ சேமித்து வைக்கத்தக்க தங்கமல்ல. இன்று ஒரு கிலோவைப் பூட்டி வைத்தால், பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ அரைக் கிலோதான் மிஞ்சும்.